வேணும்னே தோத்தாரா?

எங்க வீட்டுல ஒரு சண்டை வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கு. வரப்புத் தகராறு, வட்டித் தகராறுன்னா கூட நாலு பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சு வச்சிருப்பாங்க, இது ஒரு க்விஸ் ஷோ பத்தின சண்டைங்கறதால பஞ்சாயத்துக்கு ஆளே கெடைக்கல. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் தங்கச்சி வீட்டுக்காரர். நான் அவர மாப்ளன்னு கூப்புடுவேன், அவரு என்ன மச்சான்னு கூப்புடுவாரு, மத்த எல்லா விஷயத்துலயும் ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுட்டுத் திரியிற ஆளுங்கதான். ஆனா 2019 ஜூன் 3ஆம் தேதி ஜெப்பர்டிங்கற அமெரிக்க க்விஸ் ஷோல ஜேம்ஸ் ஹோல்ஸாவர் தோத்த எபிசோட் பத்தி பேச்சு வந்துச்சுன்னா முடிஞ்சுது, சாப்புட்ட கை காய்ஞ்சு போற வரைக்கும் பேசுவோம். "மச்சான், அந்தாளு வேணும்னே தோத்தான். கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும்." இதுதான் மாப்ளயோட தீர்ப்பு, அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

நான் இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லுவேன். ஆனா ஒரு உண்மைய இங்க ஒத்துக்கிறேன், மாப்ள இத படிக்க மாட்டாருங்கற தைரியத்துல. எனக்கே உள்ளுக்குள்ள அது சரியா செரிக்கல. பல்லுக்கு நடுவுல மாட்டின கொய்யா விதை மாதிரி ஒரே ஒரு நம்பர் உறுத்திக்கிட்டே இருந்துச்சு: 1,399. அத விளக்கத் தெரியாமதான் நான் இத்தன வருஷமா சத்தமா பேசி சமாளிச்சிட்டிருந்தேன். பதில் தெரியாதவன்தானே எப்பவும் கொரல ஒசத்துவான்.

ஹோல்ஸாவர் யாருன்னு ஜெப்பர்டி பாக்குறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. லாஸ் வேகாஸ்காரர், ஸ்போர்ட்ஸ்ல பெட் கட்டுறதுதான் அவருக்குப் பொழப்பே. அவரு வர்றதுக்கு முன்னாடி ஒரே ஆட்டத்துல எடுத்த அதிகபட்சம் 77,000 டாலர், 2010ல ரோஜர் க்ரெய்க் எடுத்தது. இந்தாளு வந்த நாலாவது ஆட்டத்துலயே 1,10,914 எடுத்தாரு. அந்த நம்பரும் சும்மா வந்தது இல்ல, பொண்ணு பொறந்த தேதி 11/09/14, அதுக்குப் பொருந்துற மாதிரி பெட் கட்டி எடுத்தது. அடுத்த வாரமே 1,31,127. மத்தவங்க கேள்விப் பலகைல மேல இருக்கற சின்ன தொகை க்ளூல இருந்து மெதுவா எறங்குவாங்க, இவரு கீழ இருக்கற பெரிய தொகை எல்லாத்தையும் மொதல்ல வாரிட்டு, டெய்லி டபுள் (பலகைல ஒளிஞ்சிருக்கற க்ளூ, எடுத்தவரு மட்டும் பெட் கட்டி ஆடலாம்) கெடைச்ச உடனே மொத்தத்தையும் தூக்கி வைப்பாரு. ரெண்டு கையையும் நீட்டி சூதாட்டக்காரங்க சில்லு தள்ளுற மாதிரி ஒரு சைகை வேற. 32 ஆட்டம் வரிசையா ஜெயிச்சு 24,62,216 டாலர் சேத்தாச்சு. கென் ஜென்னிங்ஸ் 2004ல 74 ஆட்டத்துல எடுத்த 25,20,700ஐத் தாண்ட இன்னும் 58,484தான் பாக்கி. அவரு ஆடுற ஆட்டத்துக்கு அது ஒரு நாள் கூலி.

அந்த 33வது ஆட்டத்துல தோத்துட்டாரு. தோத்தது கூட பரவால்ல, தோத்த விதம்தான் பிரச்சன.

அந்த நம்பர்

ஃபைனல் ஜெப்பர்டி எப்படின்னு ரெண்டு வரில சொல்லிடறேன், இல்லன்னா மீதி புரியாது. கடைசி கேள்விக்கு முன்னாடி தலைப்ப மட்டும் சொல்லுவாங்க. கையில இருக்கறதுல எவ்ளோ பெட்டுன்னு ஒவ்வொருத்தரும் ரகசியமா எழுதணும். அப்புறம்தான் க்ளூ, 30 செகண்ட். பதில் சரின்னா அந்தத் தொகை கூடும், தப்புன்னா கழியும். மொதல்ல வர்றவருக்கு மட்டும்தான் அவரு சேத்த காசு. ரெண்டாவது ஆளு எவ்ளோ வச்சிருந்தாலும் அப்போ 2,000 டாலர்தான், மூணாவது ஆளுக்கு 1,000. அதாவது 45,000 எடுத்து ரெண்டாவதா வந்தாலும் 2,000தான். இந்த விதி ரொம்ப முக்கியம், இதுல இருந்துதான் எல்லா கிறுக்குத்தனமும் வருது.

அன்னிக்கு ஃபைனலுக்கு முன்னாடி எம்மா பெட்சர்னு ஒரு லைப்ரரியன் 26,600 வச்சிருந்தாங்க, ஹோல்ஸாவர் 23,400. அந்தம்மா ரெண்டாவது ரவுண்டோட ரெண்டு டெய்லி டபுளையும் எடுத்துட்டாங்க, அவரு ஆயுதத்தையே அவருகிட்ட இருந்து பிடுங்கின மாதிரி. (அவங்க மாஸ்டர்ஸ் படிக்கும்போது எழுதின ஆய்வே ஜெப்பர்டி க்ளூ எது கஷ்டம், எது ஈஸின்னு வார்த்தைகள வச்சு கண்டுபிடிக்க முடியுமாங்கறதப் பத்திதான். இப்படி ஒரு ஆளு எதிர்ல நிக்கிறாங்கன்னு ஹோல்ஸாவருக்கு எப்படித் தெரியும்.) ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற ஒரு வரி எந்த எழுத்தாளரோட அகால மரணத்தக் குறிக்குதுன்னு கேள்வி. கிறிஸ்டோபர் மார்லோ. மூணு பேருமே சரியா எழுதினாங்க. ஹோல்ஸாவர் பதில் சரி, சரி, எவ்ளோ பெட் கட்டினாருன்னு தெறந்தா, 1,399. நாப்பதாயிரம், அறுபதாயிரம்னு கட்டின கை. 23,400 இருக்கு, ரெண்டாவது எடத்துல நிக்கிறாரு, எகிறி அடிக்க வேண்டிய நேரம், 1,399. மொத்தம் 24,799. எம்மா 20,201 கட்டி 46,801. கதை முடிஞ்சுது.

இன்னொரு கூத்து என்னன்னா, டிவில வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கடைசிக் காட்சி மட்டும் லீக் ஆகி சுத்திட்டிருந்துச்சு. முழு ஆட்டத்தையும் யாரும் பாக்கல, ஃபைனல் மட்டும். துண்டு வீடியோவுக்குன்னு ஒரு குணம் இருக்குல்ல, அதுல முன்ன பின்ன எதுவும் இருக்காது, சந்தேகம் மட்டும் முழுசா இருக்கும். அந்த 1,399ஐப் பாத்துட்டு ஊரே பேசுச்சு: மனுஷனுக்கு போதும்னு ஆயிடுச்சு, வீட்டுக்குப் போகணும்னு தோத்துட்டான், ஜென்னிங்ஸ் ரெக்கார்ட ஒடைக்கக் கூடாதுன்னு சேனல்காரன் சொல்லிட்டான், இன்னும் என்னென்னமோ. மாப்ள அந்த வீடியோவ எனக்கு அனுப்பிட்டு கீழ ஒரே ஒரு வார்த்த எழுதியிருந்தாரு: "ஃபிக்ஸிங்." நான் பதிலுக்கு எழுதின நாலு பத்தில ஒரு எடத்துல கூட 1,399க்கு காரணம் இல்ல. இப்ப எடுத்துப் படிச்சா கூச்சமா இருக்கு.

உண்மையிலயே வேணும்னு தோத்தவரு

மாப்ள சும்மா வாய்க்கு வந்தத பேசுற ஆளும் இல்ல. சண்டை முத்தினப்ப அவரு எடுத்து வீசின ஆயுதம் 1956. அமெரிக்கால ட்வென்டி ஒன்னு ஒரு க்விஸ் ஷோ. ஹெர்ப் ஸ்டெம்பல்னு ஒருத்தர் வாராவாரம் ஜெயிச்சிட்டிருந்தாரு. பாக்க அழகில்லாத, முரட்டு கோட்டு போட்ட, ஏழைன்னு காட்டப்பட்ட ஆளு. கேள்வி பதில் எல்லாம் முன்கூட்டியே குடுத்து, வேர்வைய எப்படித் தொடைக்கணும்கறது வரைக்கும் சொல்லிக் குடுத்துதான் ஆட வச்சாங்க. அப்புறம் பாக்குறவங்களுக்கு அவரு சலிச்சுப் போயிட்டாரு. சார்லஸ் வான் டோரன்னு கொலம்பியா யுனிவர்சிட்டி வாத்தியார், பாக்க லட்சணமான ஆளு, அவரக் கொண்டு வந்து நிறுத்தி, ஸ்டெம்பல தோக்கச் சொன்னாங்க. எதுல தோக்கணும் தெரியுமா? 1955ஓட சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதுக்குங்கற கேள்வில. பதில் மார்ட்டி. அது ஸ்டெம்பல் திரும்பத் திரும்பப் பாத்த, அவருக்கு ரொம்பப் பிடிச்ச படம். தெரிஞ்ச பதில முழுங்கிட்டு ஆன் த வாட்டர்ஃபிரண்ட்னு தப்பா சொல்ல வேண்டி வந்துச்சு. 1959ல வான் டோரன் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு, அடுத்த வருஷம் க்விஸ் ஷோல தில்லுமுல்லு பண்றத குற்றமாக்கி சட்டமே வந்துச்சு.

"இதுக்கு என்ன சொல்ற மச்சான்?"ன்னாரு. என்ன சொல்றது. ஜெப்பர்டியே அந்த நாத்தத்துல இருந்து மொளச்ச செடிதான். அந்த ஊழலுக்கு அப்புறம் க்விஸ் ஷோன்னாலே போட்டியாளர்களுக்கு பதில குடுத்துட்டாங்கன்னு பேச்சு இருந்த காலம், அப்ப ஜெப்பர்டிய உருவாக்கின மெர்வ் கிரிஃபினோட மனைவி ஜூலன்தான் 'அப்ப பதிலயே குடுத்துடு, அவங்க கேள்விய சொல்லட்டும்'னு ஐடியா குடுத்தாங்க, அப்படித்தான் 1964ல பதிலக் குடுத்து கேள்வி கேக்குற இந்த தலைகீழ் ஆட்டம் வந்துச்சு. அதனால மாப்ளயோட சந்தேகத்துக்கு ஒரு வம்சாவளியே இருக்கு. நான் சொல்ல முடிஞ்சதெல்லாம், ஹோல்ஸாவர் எபிசோட் எல்லாம் முன்னாடியே ஷூட் பண்ணது, எம்மா மேடை ஏறினப்ப அவரோட மொத எபிசோடே டிவில வரல, அந்தப் பரபரப்பே அப்ப பொறக்கல, யாருக்காக நாடகம் போடுவாங்க? "அது இன்னும் வசதிதானே மச்சான், யாருக்கும் தெரியாம பண்ணிடலாம்"னாரு. சந்தேகத்துக்கு எந்தத் தீனி போட்டாலும் தின்னுடும்.

ஆனா ஸ்டெம்பல் கதை எனக்கு ஒரு விஷயத்த தெளிவாக்குச்சு, அன்னிக்கு இல்ல, ரொம்ப நாள் கழிச்சு. வேணும்னு தோக்கறவன் எப்படித் தோப்பான்? பதிலத்தான் தப்பா சொல்லுவான். அதுதான் சுலபம், அதுதான் யாருக்கும் தெரியாது. ஹோல்ஸாவர் மார்லோன்னு சரியா எழுதியிருக்காரு. தோக்கணும்னு நெனைக்கிறவன் மனப்பாடமா தெரிஞ்ச பதில எழுதிட்டு, எல்லாருக்கும் பளிச்சுன்னு தெரியிற மாதிரி ஒரு விநோதமான நம்பரப் போட்டு மாட்டிப்பானா? போட்டாலும் 1,400ன்னு போட மாட்டானா? அந்த 99 எதுக்கு?

தங்கச்சி கேட்ட கேள்வி

இது நடந்தது போன வருஷம். மறுபடியும் அதே சண்டை, அதே சோஃபா. தங்கச்சிக்கு இந்த ஷோ மேல பெரிய ஆர்வம் கிடையாது, நாங்க கத்துறத கேட்டுக் கேட்டுத்தான் பேரெல்லாம் தெரியும். போன்ல எதையோ பாத்துட்டு இருந்தவ தலையத் தூக்காமலே கேட்டா:

"ஏண்ணே, இந்தம்மா 26,600, அவரு 23,400. மூணாவது ஆளு எவ்ளோ வச்சிருந்தாரு?"

எனக்குத் தெரியல. மாப்ளக்கும் தெரியல. வருஷக்கணக்கா சண்ட போட்ட ரெண்டு பேருக்கும் அங்க மூணாவதா ஒரு மனுஷன் நின்னாருங்கறதே மறந்து போச்சு. அந்த வீடியோவ எத்தன தடவ பாத்திருப்பேன், அவரு பதிலயும்தான் மொதல்ல காட்டியிருப்பாங்க, ஒரு தடவ கூட கண்ணுல பதியல. தேடி எடுத்தேன். பேரு ஜே செக்ஸ்டன். கையில 11,000.

11,000 மொத்தத்தையும் பெட் கட்டி பதில் சரின்னா 22,000. ஹோல்ஸாவர்கிட்ட 23,400. அதுல 1,399 போச்சுன்னா?

22,001.

பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தேன். பல்லுல இருந்த விதை வெளிய வந்துடுச்சு.

கணக்க முழுசா போட்டா இப்படி வருது. எம்மா முன்னால நிக்கிறாங்க. ஹோல்ஸாவர் மொத்தத்தையும் கட்டி ஜெயிச்சா 46,800. எம்மாவுக்கு கூட்டல் கழித்தல் தெரியும், ஆகவே 46,801 வர்ற மாதிரிதான் கட்டுவாங்க, கட்டினாங்க. அப்ப எம்மா பதில் சரின்னா ஹோல்ஸாவர் என்ன கட்டினாலும் தோல்விதான், மொத்தத்தையும் வச்சு வீரமா ஒரு டாலர்ல தோக்கலாம், அவ்ளோதான் வித்தியாசம். எம்மா தப்பு பண்ணாங்கன்னா 6,399க்கு விழுந்துடுவாங்க. அப்ப ஹோல்ஸாவருக்கு பயம் எம்மாவப் பத்தி இல்ல, இந்த செக்ஸ்டனப் பத்திதான். தன் பதிலும் தப்பாகி, செக்ஸ்டன் மட்டும் சரியா சொல்லி, மொத்தத்தையும் கட்டியிருந்தா 22,000. அதுக்கு ஒரு டாலர் மேல நின்னா போதும். எம்மா சறுக்கினா எப்படியும் ஜெயிப்பு, தான் பதில் தெரியாம முழிச்சாலும் ஜெயிப்பு. அந்த எடத்துல நின்னு கட்ட முடிஞ்ச ஆகச் சிறந்த பெட்டு அது. எகிறி அடிச்சிருந்தாத்தான் முட்டாள்தனம். ஊர் நாடகம்னு சொன்ன அந்த நம்பர்தான் அவரு கடைசி வரைக்கும் ஜெயிக்க முட்டி மோதினாருங்கறதுக்கு சாட்சி.

இன்னும் அசிங்கம் என்னன்னா, இத அவரே அந்த வாரம் பேட்டில சொல்லியிருக்காரு. எம்மா எப்படியும் முழுசா தடுத்துதான் கட்டுவாங்க, அவங்க தப்பு பண்ணாத்தான் எனக்கு வழி, அதனால மூணாவது ஆளு என்ன தாண்டாம இருக்கற மாதிரி மட்டும் பாத்துக்கிட்டேன்னு. நான்தான் படிக்கல. சண்ட போடவே நேரம் பத்தல.

அதுக்கு என் நோட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு. நான் ஷோ பாக்கும்போது நோட்டு போட்டு மார்க் எழுதுற கேஸ். கார்ல் கோரியட்னு ஒரு பழைய போட்டியாளர் கண்டுபிடிச்ச கணக்கு அது, கோரியட் ஸ்கோர்னு சொல்லுவாங்க. பெட் எதையும் சேக்கக் கூடாது, ஃபைனலையும் சேக்கக் கூடாது, வெறும் அறிவு எவ்ளோன்னு மட்டும் பாக்குறது. சோஃபால உக்காந்து, பஸ்ஸர் இல்லாம, அவசரம் இல்லாம நான் எடுத்த மார்க்கப் பாத்து நானே எத்தன நாள் மீசைய முறுக்கியிருக்கேன். மேடைல நிக்கிறவனுக்கு ஹோஸ்ட் கடைசி எழுத்தப் படிச்சு முடிச்சு, ஒருத்தர் உள்ள இருந்து சுவிட்ச் போட்டு, பக்கத்துல லைட் எரிஞ்சதுக்கு அப்புறம்தான் பஸ்ஸர் வேல செய்யும், ஒரு கணம் முந்தி அமுக்கினா கால் செகண்ட் பூட்டிடும், அந்தக் கால் செகண்ட்ல பக்கத்துல இருக்கறவன் தட்டிட்டுப் போயிடுவான். இதெல்லாம் என் நோட்டுல இல்ல. பெட்டும் இல்ல. ஆட்டத்துல பாதிய வெட்டி எறிஞ்சிட்டு, மீதி பாதிய வச்சிக்கிட்டு நான் நிபுணரா இருந்திருக்கேன்.

மொய்க் கவருல இருக்கற ஒத்த ரூபா

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. பெரிய பெரிய சாம்பியன்க தோத்த ஆட்டமா எடுத்து, ஃபைனலுக்கு முந்தின ஸ்கோர எழுதிப் போட்டுப் பாக்க ஆரம்பிச்சேன். எங்க பாத்தாலும் ஒரு டாலர் நிக்குது. மொய்க் கவருல 500 வச்சாலும் கூட ஒத்த ரூபா வைப்போம்ல, அந்த மாதிரி எல்லா கணக்கோட வால்லயும் ஒரு ஒண்ணு.

ஜென்னிங்ஸ எடுத்துக்குவோம். 2004 நவம்பர் 30, அவரோட 75வது ஆட்டம். ஃபைனலுக்கு முன்னாடி அவரு 14,400, நான்சி ஜெர்க் 10,000. ஜென்னிங்ஸ் கட்டினது 5,601, ஜெயிச்சிருந்தா 20,001, நான்சியால அதிகபட்சம் 20,000தான். நான்சி கட்டினது 4,401, ஜெயிச்சா 14,401, ஜென்னிங்ஸ் கையில இருந்ததுக்கு ஒண்ணு மேல. ரெண்டு பேரும் ஒருத்தர் நெனப்ப இன்னொருத்தர் எட்டிப் பாத்துட்டு எழுதியிருக்காங்க. அதுவரைக்கும் ஆடின ஆட்டத்துல பெரும்பாலும் ஜென்னிங்ஸ் ஃபைனலுக்கு முன்னாடியே யாரும் எட்ட முடியாத தூரம் போயிடுவாரு, பெட்டு பத்தி கவலையே படத் தேவையில்ல. அன்னிக்கு ரெண்டு டெய்லி டபுளத் தவற விட்டு, கடைசி கேள்வியும் சறுக்கிடுச்சு. ஒரு நிறுவனத்தோட 70,000 சீசன் ஊழியர்கள்ல பெரும்பாலானவங்க வருஷத்துல 4 மாசம்தான் வேல பாப்பாங்க, எல்லாம் ஆபீஸ் வேல, எந்த நிறுவனம்? ஜென்னிங்ஸ் கிறிஸ்துமஸ் சீசன மனசுல வச்சு ஃபெடெக்ஸ்னு எழுதினாரு. பதில் எச் அண்ட் ஆர் பிளாக், வருமான வரிக் கணக்கு பாக்குறவங்க.

இந்தக் கேள்விய மாப்ளகிட்ட கேட்டேன், யாரு தோத்ததுன்னு சொல்லாம. அவரு அமெரிக்க டாக்ஸ் ரிட்டர்ன் பாக்குற ஆபீஸ்ல இருக்கறவரு, ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் அவரு மூஞ்சியவே வீட்டுல பாக்க முடியாது. கேள்வி முடியறதுக்குள்ள "எச் அண்ட் ஆர் பிளாக்"னாரு. "இது ஒரு கேள்வியா மச்சான், நாலு மாசம்னாலே டாக்ஸ் சீசன்தானே." 74 ஆட்டம் ஜெயிச்சவருக்கு வராதது இவருக்கு இட்லி சாப்புடுற மாதிரி வந்துச்சு. அந்தக் கம்பெனி அப்புறம் ஜென்னிங்ஸுக்கு ஆயுசுக்கும் இலவசமா வரிக் கணக்கு பாத்துத் தர்றோம்னு அறிவிச்சது தனி வேடிக்கை. நான்சி அடுத்த ஆட்டத்துலயே மூணாவதா வந்து வெளிய போயிட்டாங்க. எம்மாவும் மூணு ஆட்டம் ஜெயிச்சு நாலாவதுல போயாச்சு. ராஜாவ சாய்ச்சவங்களுக்கு நாற்காலி ரொம்ப நாள் நிக்கிறதில்ல.

ஏமி ஷ்னைடர் 40 ஆட்டம் ஜெயிச்சவங்க. 2022 ஜனவரில அவங்க தோத்த கேள்வி, இங்கிலீஷ்ல பேரு எச்ங்கற எழுத்துல முடியற ஒரே நாடு, மக்கள்தொகைல மொத பத்துக்குள்ள இருக்கு, எது? நான் சோஃபால இருந்து பங்களாதேஷ்னு கத்தினேன், தங்கச்சி அடுப்படில இருந்து கத்தினா. நமக்கு அது கிரிக்கெட் மேட்ச்ல எதிர்ல ஆடுற டீம், அவங்களுக்கு வரைபடத்துல தூரமா இருக்கற ஒரு எடம். ஏமி எதுவுமே எழுதல. ரோன் டால்ஸ்மான்னு ஒருத்தர், 10,000 டாலர் பின்னாடி நின்னவரு, பங்களாதேஷ்னு எழுதி 29,600க்குப் போயிட்டாரு. நான் அன்னிக்கு ரொம்ப பெருமைப்பட்டேன், இப்ப நெனச்சா என்ன பெருமன்னு தெரியல. எனக்கு அது விழுந்துச்சு, அவ்ளோதான்.

சின்ன பெட்டுன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. 2011ல ஐபிஎம்மோட வாட்சன் மிஷின் ஜென்னிங்ஸோடயும் இன்னொரு பெரிய சாம்பியன் பிராட் ரட்டரோடயும் ஆடுச்சே, மொத ஃபைனல்ல அமெரிக்க நகரங்கள்ங்கற தலைப்புல போய் டொராண்டோன்னு எழுதி மானத்த வாங்குச்சு. ஆனா கட்டின பெட்டு வெறும் 947. முப்பத்தாறாயிரம் கையில வச்சிக்கிட்டு 947. யாரும் மிஷின் வேணும்னே பண்ணுதுன்னு சொல்லல. மாப்ளயும் சொல்லல, கேட்டேன். "அது கணக்குப் போட்டிருக்கும் மச்சான்"னாரு. ஏன் மாப்ள, அப்ப மனுஷன் போட்டா மட்டும்...? அதுக்கு அவரு எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டாரு.

தங்கச்சி கட்டின பெட்டு

இதெல்லாம் தெரிஞ்சதும் எனக்கு வெறி ஏறிடுச்சு, பெட்டுதான் எல்லாம், சரியா கட்டினா ஜெயிச்சுடலாம்னு ரெண்டு மூணு வாரம் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தங்கச்சிய வச்சு அத நிரூபிச்சுக் காட்டணும்னு நெனச்சேன். மேட்டியா ரோச், கனடாக்காரங்க, 23 ஆட்டம் ஜெயிச்சவங்க. 2022 மே 6 அவங்க கடைசி ஆட்டம். ஃபைனலுக்கு முன்னாடி ஸ்கோர நோட்டுல எழுதி தங்கச்சி முன்னாடி வச்சேன், என்ன ஆச்சுன்னு சொல்லல. "நீதான் மேட்டியா. உன்கிட்ட 19,200. ரெண்டாவது ஆளு டேனியல் மவுரர், 11,400. எவ்ளோ கட்டுவ?"

அவ விரல்லயே கணக்குப் போட்டா. 11,400 ரெண்டு மடங்கு 22,800. அதுக்கு ஒண்ணு மேல. "3,601." மேட்டியா கட்டினதும் அதேதான், பைசா மாறல. எனக்கு சந்தோஷம் தாங்கல, பாத்தியா மாப்ள, ஒரு தடவ சொன்னதுக்கே புடிச்சிக்கிட்டான்னு.

கேள்வியப் படிச்சேன். கோகோ கோலா அதிபர் ஒருத்தருக்குச் சொந்தமா இருந்த பழைய ரேஸ் மைதானம், அந்த எடத்துல கட்டின ஒரு வசதிக்கு ரெண்டு மேயர்கள் பேரு, யாரு அவங்க? தங்கச்சிக்குத் தெரியல. மேட்டியாவுக்கும் தெரியல, ரேஸ்னதும் சர்ச்சில் அண்ட் டவுன்ஸ்னு எதையோ எழுதிட்டாங்க. அது அட்லாண்டா ஏர்போர்ட், ஹார்ட்ஸ்ஃபீல்டும் ஜாக்சனும். டேனியல் மவுரர் ஜார்ஜியாகாரங்க. அவங்க வீட்டுப் பக்கத்து ஏர்போர்ட்.

"சரி, எனக்கு 3,601 போச்சு. இன்னும் 15,599 இருக்குல்ல" அப்படின்னா.

"டேனியல் 4,200 கட்டியிருந்தாங்க. 15,600."

அவ நோட்ட இழுத்து தானே ஒரு தடவ கூட்டிப் பாத்தா. அப்புறம் இன்னொரு தடவ. "நான் தப்பா கட்டிட்டேனாண்ணே?"

இல்லம்மா, சரியாத்தான் கட்டினன்னு சொன்னேன். சரியா கட்டினா எப்படித் தோத்தேன்னு கேட்டா. பதில் தெரியாததால தோத்தேன்னேன். அப்ப 3,600 கட்டியிருந்தா சமமாயிருக்குமேன்னா. ஆமா, ஆனா நீ பதில் சரியா சொல்லி அவங்களும் மொத்தத்தையும் கட்டியிருந்தா அப்பவும் சமம்தான் ஆகியிருக்கும், அந்த ஒத்த டாலர் உன்னக் காப்பாத்துறதுக்குத்தான் வச்சதுன்னு ஆரம்பிச்சு, பாதிலயே நிறுத்திட்டேன். காப்பாத்துறதுக்கு வச்ச டாலர்தான் கவுத்திருக்கு. 15,599 கையில, கெடைச்சது 2,000. ரெண்டு மூணு வாரமா நான் ஊருக்கெல்லாம் ஓதின வேதத்த ஒரு நோட்டு தாள்ல இவ கிழிச்சுட்டா, அதுவும் நான் சொன்னதையே அப்படியே செஞ்சு.

மாப்ள சோஃபால சாஞ்சுக்கிட்டு சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு. "ஒரு டாலர்ல தோல்வியா? இது ஃபிக்ஸிங் இல்லாம வேற என்ன மச்சான்?"

நான் வாயத் தெறக்கறதுக்குள்ள தங்கச்சி நோட்ட என் பக்கம் திருப்பினா. "ஆமா, இந்த ஆட்டத்துல மூணாவது ஆளு எவ்ளோ வச்சிருந்தாரு?"

நோட்டப் பாத்தேன். மேட்டியா 19,200. டேனியல் 11,400. அதுக்குக் கீழ வெறும் கோடு.